எஞ்சின் விடும் மூச்சை யார் வாங்குவது?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகும்போது விவரமான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போனால், அவர் முதலில் செய்வது இதுதான். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பார். அந்த ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைப்பார். புகை குப்குப்பென்று கையில் அடித்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், ரிங் போயிருச்சு" என்பார். ஒன்று விலை குறையும், இல்லை நாம் அடுத்த காரைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

அவர் கையில் அடித்த அந்தக் காற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எங்கே விடுவது என்று கார் செய்பவர்கள் நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில பேர் மண்டையை உடைத்துக்கொள்ளாமலே ரோட்டில் விட்டார்கள். அந்தக் கதைதான் இது. குறிப்பாக, ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாமல் காற்றாலேயே குளிரும் எஞ்சின்களின் கதை.

முதலில் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வரும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் வாயு பக்கவாட்டில் நழுவிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இது உண்டு. தேய்ந்த எஞ்சினில் அதிகம். அதில் எரியாத பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, நீராவி எல்லாம் இருக்கும். (ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்!) இந்த வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல், கேஸ்கெட் என்று எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைப் பிதுக்கித் தள்ளிவிடும். அந்த வழிக்குப் பெயர்தான் ப்ரீதர். எஞ்சினின் மூச்சுக்குழாய்.

ஆரம்ப காலத்து கார்களில் இது வெறும் ஓட்டை, அல்லது மூடியில் ஒரு சல்லடை. பிறகு ஒரு குழாய் வந்தது. கிராங்க்கேஸிலிருந்து கிளம்பி, காரின் அடிவயிறு வரை இறங்கி, நுனி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த நுனியில் உறிஞ்சல் உண்டாக்கி உள்ளிருக்கும் வாயுவை இழுத்துவிடும். எளிய யோசனை, செலவில்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கார் ஓடினால்தான் இது வேலை செய்யும். சிக்னலில் நின்றால் உறிஞ்சல் இல்லை. மெதுவாக ஊருக்குள் சுற்றும் வண்டியில் நீராவியும் பெட்ரோலும் ஆயிலோடு சேர்ந்து கறுப்புச் சேறாகக் கட்டிக்கொள்ளும். முக்கியமான விஷயம், வெளியே வந்தது எல்லாம் தெருவுக்குத்தான் போனது. பின்னால் சைக்கிளில் வருபவருக்கு, நடைபாதையில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு. அதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

காற்றில் குளிரும் எஞ்சின்களுக்கு இந்த விஷயம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக முக்கியம். தண்ணீர் எஞ்சினில் சூடு ஓரளவு ஒரே நிலையில் நிற்கும். காற்று எஞ்சினில் சூடு ஏறி இறங்கும் வித்தியாசம் பெரிது. அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டியிருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையில் ஆயிலுக்கும் பெரிய பங்கு, ஆகவே ஆயில் கெடக்கூடாது. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் துடுப்புத் தகடுகள் சுத்தமாகவும் இருக்க வேண்டும். ப்ரீதரிலிருந்து ஆயில் கலந்த ஆவி வந்து அவற்றின் மேல் படிந்து, அதன் மேல் தூசி ஒட்டினால், எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும்.

நம் ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். 1950களின் நடுவிலிருந்து மெட்ராஸில், திருவொற்றியூரில், தயாரான புல்லட் ஒரே சிலிண்டர். பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் சுமார் 350 சிசி காற்றைக் கிராங்க்கேஸில் அழுத்துகிறது. மேலே போகும்போது அதே அளவு இழுக்கிறது. திறந்த குழாய் வைத்தால் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி ஊதிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய புல்லட்டில் வாத்தின் அலகு போல ஒரு சின்ன ரப்பர் இருந்தது. வெளியே போகும் காற்றுக்குத் திறக்கும், உள்ளே வரும் காற்றுக்கு மூடிக்கொள்ளும். அந்த ரப்பர் கெட்டுப்போய், புல்லட் என்றாலே ஆயில் ஒழுகும் என்று பேர் வாங்கிய வண்டிகள் எத்தனையோ.

பிரான்சின் சிட்ரோயன் 2சிவி காரிலும் இதே பிரச்சினை. 1948ல் அறிமுகமாகி 1990 வரை தயாரான வண்டி. முதலில் 375 சிசி, பிறகு 602 சிசி வரை வளர்ந்த, காற்றில் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர்கள் எதிரும் புதிருமாகப் படுத்திருக்கும். இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், ஒரே நேரத்தில் வெளியே போகும். ஆக, எஞ்சினின் முழு சிசி அளவும் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கேஸை அமுக்குகிறது. ஆயில் ஊற்றும் குழாயிலேயே மெல்லிய நாக்கு போன்ற ஒரு வால்வை வைத்தார்கள். பிஸ்டன்கள் உள்ளே வரும்போது நாக்கு திறக்கும். வெளியே போகும்போது மூடும். இதனால் கிராங்க்கேஸில் எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் இருக்கும். சீல் கொஞ்சம் தேய்ந்தாலும் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அழகான யோசனை இல்லையா? 2சிவி வைத்திருப்பவர்கள் இன்றும் ஆயில் அளவுகோல் குச்சியின் ஓட்டையில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை மாட்டி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து எஞ்சினின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நாலு சிலிண்டர். இரண்டு பிஸ்டன் உள்ளே வரும்போது மற்ற இரண்டு வெளியே போகும். ஆகவே கிராங்க்கேஸின் மொத்த இடம் பெரிதாக மாறாது. ரிங் வழியாக நழுவி வருவதை மட்டும் வெளியே விட்டால் போதும். ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும் பீடத்தில் ஆயில் ஊற்றும் குழாய், அதன் பக்கத்திலேயே மூச்சுக்குழாய். ஆரம்பத்தில் இதுவும் கீழே ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

இப்போது கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. ஏன் என்றால் இந்தக் குழாயின் திசையை மாற்றியது ஜெர்மனிக்காரர்களோ பிரெஞ்சுக்காரர்களோ அல்ல, லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டம்.

1943 ஜூலையில் ஒருநாள் அந்த ஊரில் கண் எரியும் அளவுக்குப் புகை சூழ்ந்தது. யுத்த காலம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அதன் வேலையை நிறுத்திய பிறகும் புகைமூட்டம் போகவில்லை.

புதிரை அவிழ்த்தவர் ஆரி ஹாகென்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்தவர், கால்டெக்கில் பேராசிரியர். அவருடைய துறைக்கும் காருக்கும் சம்பந்தமே கிடையாது. அன்னாசிப் பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்! பழத்தின் ஆவியைப் பிடித்து ஆராய்ந்த அதே முறையில் ஊர்க்காற்றையும் பிடித்து ஆராய்ந்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன, கண் எரிச்சலுக்கும் பயிர் கருகுவதற்கும் அதுவே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். வளைத்து வைத்த ரப்பர் துண்டு எவ்வளவு சீக்கிரம் விரிசல் விடுகிறது என்பதை வைத்தே ஓசோனை அளந்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகள் அவரை மறுத்தன. மனிதர் விடவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் கென்னத் ஹான் என்ற மக்கள் பிரதிநிதி 1953 முதல் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். ஃபோர்டிலிருந்து வந்த பதிலின் சாரம்: வண்டியிலிருந்து வருவது காற்றில் சீக்கிரம் கலைந்துபோய்விடும், இதில் பிரச்சினை இல்லை. நம் ஊரில் சாயப்பட்டறைக் கழிவைப் பற்றிக் கேட்டால் "ஆத்துல கலந்துட்டா சரியாப் போயிடும்" என்பார்களே, அதே பதில்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் இன்னொரு விஷயம் தெளிவானது. ஒரு காரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரிலிருந்து வரவில்லை. கிராங்க்கேஸ் குழாயிலிருந்து வருகிறது! எல்லோரும் பின்னால் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடியில் இந்தக் குழாய் தன்பாட்டுக்கு வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாகவும் இல்லை. தண்ணீரில் இறங்கி ஆற்றைக் கடக்கும் ராணுவ வண்டிகளில் குழாயைத் திறந்து வைக்க முடியாது. அதனால் கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பி எரிக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. ஒரு ரப்பர் ஹோஸ், அளவைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன வால்வு. பி.சி.வி. வால்வு என்று இன்று எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைப்பது இதுதான். சில டாலர் செலவு. எஞ்சின் விட்ட மூச்சை எஞ்சினே வாங்கிக்கொள்ளும்.

1961 மாடல் கார்களுக்கு, அதுவும் கலிஃபோர்னியாவில் விற்பவற்றுக்கு மட்டும், கம்பெனிகள் இதைப் பொருத்தின. நாடு முழுவதற்கும் 1963 மாடலில்தான் வந்தது. ஒரே கம்பெனியின் ஒரே கார், கலிஃபோர்னியாக்காரனுக்கு ஹோஸோடு, மற்றவனுக்கு ஹோஸ் இல்லாமல்! 1969ல் அமெரிக்க அரசு பெரிய கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று தங்களுக்குள் பேசிவைத்துத் தாமதம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தக் கிராங்க்கேஸ் கருவியின் தாமதமும் அதில் ஒன்று. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், இனி அப்படிச் செய்வதில்லை என்ற சமரசத்தில் வழக்கு முடிந்தது.

இங்கே ஒரு கொசுறுச் செய்தி. ரால்ஃப் நேடர் 1965ல் எழுதிய புத்தகம் ஷெவர்லே கார்வேரை நாறடித்ததற்காகப் பிரபலம். கார்வேரும் பின்பக்கம், காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்த கார்தான். அந்தக் கார் கவிழ்வதைப் பற்றி எழுதியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தில் வாகனப் புகைக்கும் ஒரு முழு அத்தியாயம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.

1968 மாடலிலிருந்து அமெரிக்க மத்திய அரசின் விதியே வந்துவிட்டது: கிராங்க்கேஸிலிருந்து வெளியே எதுவும் வரக்கூடாது. அமெரிக்கா பீட்டிலுக்குப் பெரிய சந்தை. ஆனால் ஃபோக்ஸ்வாகன்காரர்கள் இதற்காகத் திணறவில்லை. மூச்சுக்குழாயிலிருந்து ஒரு ஹோஸைக் கொண்டுபோய் ஏர் கிளீனரில் மாட்டும் வழக்கம் அவர்களிடம் முன்பே வந்துவிட்டிருந்தது. கார்பரேட்டர் வைத்த பீட்டில்களில் பெரும்பாலும் தனி வால்வுகூடக் கிடையாது. ஏர் கிளீனரில் இருக்கும் லேசான உறிஞ்சலே போதும். கீழ்ப்பக்கக் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் மூக்கு, சேரும் தண்ணீர் சொட்ட மட்டும். அந்தக் கால ஏர் கிளீனர் அடியில் ஆயில் ஊற்றியது. ஹோஸ் வழியாக வரும் ஆயில் ஆவி அதை ஒன்றும் செய்யாது. பின்னாளில் அதைக் கழற்றிவிட்டுக் காகித ஃபில்டர் போட்டவர்கள்தான் ஃபில்டர் ஆயிலில் நனைகிறது என்று புலம்பினார்கள்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே திருப்பிய மூச்சை மறுபடி வெளியே விட்டவர்கள் யார் தெரியுமா? காரை உயிருக்கு உயிராக நேசித்தவர்கள்!

1964ல் புரூஸ் மேயர்ஸ் என்பவர் பீட்டிலின் பாகங்கள் மேல் ஃபைபர்கிளாஸ் உடம்பை வைத்து மணலில் பறக்கும் வண்டி ஒன்றைச் செய்தார். மேயர்ஸ் மாங்க்ஸ் என்று பெயர். 1967ல் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் நடந்த முதல் 'மெக்சிகன் 1000' பந்தயத்தை இப்படிப்பட்ட ஒரு வண்டிதான் 27 மணி நேரத்துச் சொச்சத்தில் ஜெயித்தது. அதன் பிறகு பீட்டில் எஞ்சினைப் பெரிதாக்குவது ஒரு கலையாகவே வளர்ந்தது. 1600 சிசி எஞ்சினில் பெரிய பிஸ்டன் போட்டு 1776, 1835, 1915 சிசி என்று ஏற்றினார்கள். பிஸ்டன் பெரிதாகி வேகமும் கூடினால் பேக் கம்ப்ரஷனும் கூடும். பழைய ஒற்றைக் குழாய்க்கு அது தாங்காது.

பீட்டில் எஞ்சினில் இன்னொரு சங்கதி. கிராங்க் ஷாஃப்டின் புல்லிப் பக்கம் ஆயில் சீலே கிடையாது. புல்லியின் கழுத்தில் திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் ஆயில் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். எஞ்சின் முழுக்க ஆயில் தெறித்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி ப்ரீதர் பெட்டி. இரண்டு டேப்பெட் கவரிலிருந்தும் ஒவ்வொரு ஹோஸ், ஆயில் ஊற்றும் குழாயிலிருந்து ஒன்று. எல்லாம் எஞ்சினுக்கு மேலே வைத்த ஒரு டப்பாவில் சேரும். உள்ளே கம்பிச் சுருள் போன்ற ஏதாவது அடைத்திருக்கும். அதில் பட்டு ஆயில் பிரிந்து கீழே சொட்டும், வாயு மேலே போகும். ஹோஸ் நல்ல தடிமனாக, டப்பாவை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வழியை அடைத்துவிடும். டேப்பெட் கவரிலிருந்து மட்டுமே மூச்சு விட்டாலும் சரிவராது. கிராங்க்கேஸ் வாயு அங்கே வர வேண்டுமென்றால் புஷ்ராட் குழாய்கள் வழியாகத்தான் வர வேண்டும். ஆயில் திரும்பி இறங்குவதும் அதே வழி. மேலே ஏறும் காற்று கீழே இறங்கும் ஆயிலை மறிக்கும்.

இதுவரை சரி. டப்பாவின் மேல்வாயிலிருந்து ஒரு ஹோஸை ஏர் கிளீனருக்குக் கொண்டுபோனால் வேலை முழுமை. பந்தயக்காரர்கள் அதைச் செய்யவில்லை. டப்பா மேல் ஒரு சின்ன ஃபில்டரை மாட்டித் திறந்துவிட்டார்கள். பாலைவனத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பந்தயத்தில் பார்த்ததை ஊருக்குள் ஓட்டுபவர்களும் செய்தார்கள். டப்பாகூட இல்லாமல், பளபளவென்று குரோம் பூசிய குட்டி ஃபில்டரை நேராக ஆயில் குழாயில் செருகும் பழக்கம் வந்தது. பார்க்க அழகு. அவ்வளவுதான்.

இங்கே புனேயில் பழைய பீட்டில் ஒன்றை ஆசையாக வைத்திருக்கும் நண்பர் அப்படி ஒன்றை வரவழைத்து மாட்டினார். இரண்டு வாரத்தில், "பின்சீட்டில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குத் தலைவலி, ஏதோ வாடை" என்றார். காரணம் எளிது. பீட்டிலைக் குளிர்விக்கும் ஃபேன், காற்றை எடுப்பதே எஞ்சின் அறைக்குள்ளிருந்துதான். 1963 மாடலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதே ஃபேன் காற்றுதான் சைலன்சரின் சூட்டில் பட்டு ஹீட்டர் வழியாக உள்ளே வருகிறது. ஹீட்டரை மூடினாலும் நாற்பது ஐம்பது வருஷத்து மூடிகள் முழுதாக மூடுவதில்லை. ஆக, எஞ்சின் அறையில் விட்ட மூச்சை ஃபேன் எடுத்து, நேராகப் பிள்ளைகளின் மூக்குக்குக் கொண்டுவந்து கொடுத்தது! துடுப்புத் தகடுகளில் ஆயிலும் தூசியும் படிய ஆரம்பித்ததைத் தகரத்தைக் கழற்றியபோது பார்த்தோம். பழைய ஹோஸை மறுபடி மாட்டினோம், வாடை நின்றது. குரோம் ஃபில்டர் இப்போது அவர் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது :-)

ப்ரீதரைப் பெரிதாக்கும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மூச்சு ஏன் இவ்வளவு வருகிறது? பெரிதாக்காத சாதாரண எஞ்சினுக்குக் கம்பெனி வைத்த குழாயே போதும். போதவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்து ரிங்கை மாற்றுவதுதான் வைத்தியம்.

காற்றில் குளிரும் கார்களின் காலம் முடிந்துவிட்டது. போர்ஷே 911 1998லேயே தண்ணீருக்கு மாறியது. கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பியூப்லாவில் தயாரானது. பிரேசிலில் காம்பி வேனுக்குப் போட்டுக்கொண்டிருந்த காற்று எஞ்சினும் 2005ல் நின்றது. ஆனால் அந்த ரப்பர் ஹோஸ் நிற்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் காரிலும் அது இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளிலும், கிராங்க்கேஸிலிருந்து வெளிக்காற்றுக்கு ஒன்றும் போகக் கூடாது என்பதற்குத் தனிச் சோதனையே உண்டு. அது புது மாடலை அங்கீகரிக்கும்போது செய்வது. நாம் வருஷா வருஷம் எடுக்கும் பி.யு.சி. சோதனையில் சைலன்சர் நுனியில்தான் குழாயை விடுகிறார்கள். ஹோஸ் கழன்று தொங்கினாலும், யாரோ வெட்டிவிட்டிருந்தாலும் அந்த மெஷினுக்குத் தெரியாது. சான்றிதழ் கிடைத்துவிடும்.

ஆகவே அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது, ஆயில் மாற்றியதா, பிரேக் பார்த்ததா என்று கேட்பதோடு, "ப்ரீதர் ஹோஸ் சரியா இருக்கா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். விரல் தடிமனுள்ள ரப்பர் குழாய்தான். விரிசல் விட்டிருந்தால் மாற்றப் பெரிய செலவில்லை. பானெட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்தவரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.